மூன்று முறை வந்த எம்ஜிபி: முன் கார்பரேட்டர் மட்டும் வழிந்த கதை

பெட்ரோல் வாசம் அடிக்கிறது என்ற புகாரோடு ஒரு வண்டி வந்தால், சாவியைத் திருப்ப யாரையும் விடமாட்டேன். எம்ஜிபி என்கிற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் என்றால் இன்னும் கறார். அந்த எஞ்சினில், பெட்ரோலைக் காற்றோடு கலந்து அனுப்பும் கார்பரேட்டரும், எரிந்த புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. மேலே கார்பு, கீழே பழுக்கக் காய்ந்த இரும்பு, நடுவே ஒரு தகடு. வழிகிற பெட்ரோல் எங்கே போய்ச் சொட்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இங்கிலாந்தில், லண்டனுக்கு மேற்கே, பழைய வண்டிகள் மட்டும் பார்க்கும் சின்ன ஒர்க்‌ஷாப் ஒன்றில் வேலை செய்கிறேன். இந்த வண்டி 1969ஆம் வருடத்து எம்ஜிபி ரோட்ஸ்டர். ஆபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை வந்துகொண்டிருந்த வகை. 1798 சிசி, நாலு சிலிண்டர், பக்கத்தில் ஒன்றரை அங்குல வாய் கொண்ட எஸ்யூ கம்பெனியின் ஹெச்எஸ்4 கார்பு இரண்டு. முன் கார்பு 1, 2 சிலிண்டர்களுக்கு, பின் கார்பு 3, 4க்கு. நம்மூர் அம்பாசடரில் பல காலம் ஓடிய 1489 சிசி எஞ்சினும் இதே பி சீரிஸ் குடும்பம்தான். அதனால் இங்கே வந்து முதன்முதலாக எம்ஜிபி பானெட்டைத் திறந்தபோது, தூரத்துச் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தது போலத்தான் இருந்தது.

வண்டிக்காரர் வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர். பன்னிரண்டு வருடம் படுத்துக் கிடந்த வண்டியை வாங்கி, தானே ஒவ்வொன்றாகப் பார்த்து ஓட்டத்துக்குக் கொண்டுவந்திருந்தார். அவர் சொன்ன குறைகள்: ஓட்டிவிட்டு ஷெட்டில் நிறுத்தினால் கால் மணி நேரத்தில் பெட்ரோல் நெடி. சூட்டோடு நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்தால் எளிதில் பிடிப்பதில்லை, ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு மிதித்துப் பிடித்தால்தான் கறுப்புப் புகையோடு பிடிக்கிறது. ஐடிலில் ஒரே குலுக்கல். வண்டிக்கு அடியில் அங்கங்கே ஈரம்.

மிதித்துப் பிடித்தால் ஸ்டார்ட் ஆகிறது என்பதே பாதி விடை. த்ராட்டில் முழுக்கத் திறந்தால் காற்று அதிகமாகப் போய், உள்ளே தேங்கிய பெட்ரோல் வடிகிறது. சூட்டில் பெட்ரோல் ஆவியாகிக் குழாயில் அடைத்துக்கொண்டது என்றால் மிதித்து ஒன்றும் ஆகாது, ஆற விட வேண்டும்.

கார்பின் பக்கத்தில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் கிண்ணத்தில் நடப்பது மொட்டைமாடித் தொட்டியில் பந்து வால்வு செய்கிற அதே வேலை. பம்பு தள்ளும் பெட்ரோல் கிண்ணத்தில் ஏற ஏற மிதவை மேலே வரும், ஒரு ஊசியை, நீடில் என்போம், தூக்கிப் பெட்ரோல் வரும் துளையின் வாயில், அதாவது சீட்டில், அழுத்தும், வரத்து நிற்கும். எங்கேயாவது நிற்காமல் போனால் பெட்ரோல் இரண்டு வழியில் வெளியேறும்: பெட்ரோலை விடும் சின்னக் குழாயான ஜெட் வழியாகக் கார்பின் தொண்டைக்குள், அல்லது கிண்ண மூடியிலிருந்து கீழே இறங்கும் ஓவர்ஃப்ளோ குழாய் வழியாகத் தரைக்கு. தரையில் சொட்டுவதாவது கண்ணுக்குத் தெரியும். தொண்டைக்குள் போவது எஞ்சின் பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்கி எஞ்சின் ஆயிலோடு கலந்துவிடும், சத்தமே இருக்காது.

முதல் வருகை

முதலில் பேட்டரி. இந்த மாடலில் சீட்டுக்குப் பின்னால், பலகைக்கு அடியில், 6 வோல்ட் பேட்டரி இரண்டு. கழற்றிவிட்டு, தீயணைப்பானைக் காலடியில் வைத்துக்கொண்டுதான் பானெட்டுக்குள் தலையை விட்டேன்.

எங்கிருந்து சொட்டுகிறது என்று பார்க்காமல் கார்பைப் பிரிக்கக் கூடாது. ஹெச்எஸ் கார்பில் கசிய மூன்று இடம் உண்டு. ஓவர்ஃப்ளோ குழாயின் முனை ஒன்று. கிண்ணத்தின் அடியிலிருந்து ஜெட்டுக்குப் போகும் நைலான் குழாயின் ரப்பர் வாஷர் இன்னொன்று. ஜெட்டின் அடிப்பகுதி மூன்றாவது. பின்னால் சொன்ன இரண்டும் வெறும் கசிவு, கிண்ணத்தில் மட்டம் சரியாக இருந்தாலும் ஒழுகும். இங்கே முன் கார்பின் ஓவர்ஃப்ளோ குழாய் முனைதான் நனைந்திருந்தது. மற்றதெல்லாம் காய்ந்து கிடந்தது.

பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வைத்தேன். 3, 4 இரண்டும் வறுத்த மல்லி நிறம். 1, 2 இரண்டும் அடுப்புக்கரி. டிப்ஸ்டிக்கில் ஆயில் மேல்கோட்டைத் தாண்டி நின்றது. விரலில் தொட்டால் தண்ணீர் மாதிரி ஓடியது, முகர்ந்தால் பெட்ரோல். அந்த ஆயிலோடு இனி ஒரு மைல்கூட ஓட்டக் கூடாது, பேரிங்கைத் தின்றுவிடும்.

சோக் கேபிளை இழுத்து விட்டுப் பார்த்தேன். எஸ்யூவில் சோக் இழுத்தால் ஜெட் கீழே இறங்கிப் பெட்ரோல் கூடும். கேபிள் இறுக்கமாக இருந்தால் ஜெட் முழுக்க மேலே வராது, வண்டி கறுப்பாகப் புகையும், ஆனால் ஓவர்ஃப்ளோவில் சொட்டாது. இதில் ஜெட் இரண்டும் ஒழுங்காக மேலே வந்து உட்கார்ந்தன. வண்டிக்காரர் தன் பங்குக்குக் கார்பு தலையில் இருக்கும் டாம்பரில் ஆயிலை மாற்றிப் பார்த்திருந்தார். அந்த ஆயில், கார்புக்குள் இருக்கும் பிஸ்டன் சட்டென்று எகிறாமல் பிடித்து வைக்கத்தான், வழிவதற்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. (அந்தப் பிஸ்டன் இருக்கும் இடத்தில் ஆதிகால எஸ்யூவில் தோலால் ஆன துருத்திதான் இருந்தது. கண்டுபிடித்த ஸ்கின்னர் குடும்பத்துக்குச் செருப்பு வியாபாரம். தோலுக்கு அவர்கள் எங்கேயும் அலைந்திருக்க மாட்டார்கள்.)

முன் கிண்ணத்தின் மூடியைத் திறந்து மிதவையை எடுத்தேன். காதோரம் வைத்து ஆட்டினேன், உள்ளே ஏதும் தளும்பவில்லை. ஆனாலும் காதை மட்டும் நம்பி விடுவதில்லை. ஒரு டம்ளர் சுடுதண்ணீரில் மிதவையைக் கரண்டியால் அமுக்கிப் பிடித்தேன். மயிரிழை ஓட்டை இருந்தாலும் உள்ளே இருக்கும் காற்று சூட்டில் விரிந்து சின்னக் குமிழியாக வெளியே வரும். ஒரு நிமிடம் ஆயிற்று. ஒரு குமிழிகூட வரவில்லை, மிதவை நல்ல மிதவை.

நீடிலின் விட்டான் ரப்பர் முனையில் மட்டும் சீட் அழுத்திய வளையம் பதிந்திருந்தது. ஆள் கிடைத்துவிட்டான் என்று நினைத்தேன். இரண்டு கார்புக்கும் புது நீடில், புது சீட் போட்டு, மிதவையின் மட்டத்தையும் சரிபார்த்தேன். மூடியைத் தலைகீழாகப் பிடித்தால், மூடியின் விளிம்புக்கும் மிதவைக்கும் நடுவே 1/8 முதல் 3/16 அங்குலம் வர வேண்டும். அந்த அளவு தடிமனுள்ள ட்ரில் பிட் ஒன்றைக் குறுக்கே வைத்தால் போதும், மிதவை அதைத் தொட்டும் தொடாமலும் உட்காரும். தலைகீழாகப் பிடித்தபடியே பெட்ரோல் வரும் முனையில் ஒரு ரப்பர் குழாயைச் சொருகி ஊதினேன், காற்று போகவில்லை.

கிண்ணத்தின் அடியில் ஒரு சிட்டிகை கறுப்புத் தூள் கிடந்தது. பன்னிரண்டு வருடம் படுத்த வண்டி, அழுக்கு இல்லாமல் இருக்குமா என்று ஒரு துணியால் துடைத்துப் போட்டேன். இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆயில், ஆயில் ஃபில்டர் மாற்றி வண்டியைக் கொடுத்தேன். ஒன்பதாம் நாள் திரும்பி வந்தது.

இரண்டாம் வருகை

அதே முன் கார்பு, அதே குழாய். இந்த முறை வரத்துப் பக்கம் போனேன். கார்புக்கு வரும் குழாயில் T வடிவ இணைப்பு ஒன்று போட்டு, பிரஷர் மீட்டர் மாட்டி இக்னிஷனை மட்டும் போட்டதும் முள் 5.5 பிஎஸ்ஐ தொட்டது. ஹெச்எஸ் கார்பு 3ஐத் தாண்டினாலே முரண்டு பிடிக்கும்.

வண்டிக்காரர் பழைய எஸ்யூ பம்பைக் கழற்றிவிட்டு, எந்த வண்டிக்கும் பொருந்தும் என்று விற்கிற எலெக்ட்ரானிக் பம்பு ஒன்றைப் போட்டிருந்தார். அதன் அட்டைப் பெட்டியை எடுத்து வரச் சொல்லிப் பார்த்தால், அதிலேயே 4 முதல் 6 பிஎஸ்ஐ என்று அச்சடித்திருந்தது. பம்பின் மேல் குற்றமில்லை. வேறு வகைக் கார்புக்கு அது சரியான பம்பு.

பிரஷர் இரட்டித்தால் நீடிலைக் கீழே தள்ளும் விசையும் இரட்டிக்கும். அதை எதிர்த்து மூட, மிதவை பெட்ரோலில் இன்னும் ஆழமாக அமுங்கி நின்றாக வேண்டும். அதாவது கிண்ணத்தில் மட்டம் ஏறியே இருக்கும், ஜெட்டின் வாய்க்கு நெருக்கமாக. மேடு பள்ளத்தில் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கினால் தளும்பி வழியும். சின்னத் தூசி நீடிலில் ஒட்டினால்கூட, மிதவைக்கு அதை நசுக்கி மூடுகிற தெம்பு மிச்சம் இருக்காது.

குறைந்த விலையில், பிரஷரைக் குறைக்க முள் வைத்த ரெகுலேட்டர் கிடைக்கிறது, அதை மாட்டிவிடலாமா என்று கேட்டார். நான் வேண்டாம் என்றேன். அந்த வகையில் பாதி, முள் எதைக் காட்டினாலும் தன் இஷ்டத்துக்குத்தான் விடும். எஸ்யூ மாதிரிப் பம்பையே வாங்கிப் பழைய இடத்தில், பின் சக்கரத்துக்கு முன்னால், மாட்டினேன். மீட்டர் 2.7 காட்டியது.

எஸ்யூ பம்பின் அருமை அதன் சத்தத்தில் இருக்கிறது. இக்னிஷன் போட்டதும் டிக்டிக்டிக் என்று வேகமாக அடிக்கும், கிண்ணங்கள் நிறைய நிறைய இடைவெளி கூடும், நீடில் இரண்டும் மூடியதும் மௌனம். எஞ்சின் ஓடாதபோது அது நிற்காமல் அடித்தால், பெட்ரோல் எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது. மீட்டரும் வேண்டாம், ஸ்பேனரும் வேண்டாம், காது போதும். அன்றைக்கு இரண்டு நிமிடம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன், ஒரு டிக்கூட இல்லை. அந்தத் தைரியத்தில் வண்டியை அனுப்பினேன்.

வண்டிக்காரருக்கு ஒரு சந்தேகம் இருந்தது. இக்னிஷனை அணைத்தால் பம்பும் நிற்கிறது, அப்புறம் ஷெட்டில் ஏன் நெடி? நியாயமான கேள்வி. பைக்கில் டேங்க் கார்புக்கு மேலே இருப்பதால் டேப்பை மூட மறந்தால் வழிந்துகொண்டே இருக்கும். எம்ஜிபியில் டேங்க் பின்னால், கார்பின் மட்டத்துக்குக் கீழே. தானாக மேலே ஏறாது. ஆனால் பம்பிலிருந்து கார்பு வரைக்கும் குழாயில் நிற்கும் பெட்ரோல், எஞ்சின் சூட்டில் விரியும். பின்னால் பம்பு வால்வு விடாது, முன்னால் நீடில் சரியாக மூடாது என்றால், விரிந்த அளவு கார்பு வழியாகத்தான் வெளியே வர வேண்டும். கொஞ்சம் வந்தாலே ஷெட் முழுக்க நாறும்.

மூன்றாம் வருகை

மூன்று வாரம் கழித்துப் போன் வந்தது. ஓட்டி வர வேண்டாம் என்று சொன்னேன், லாரியில் ஏற்றி வந்தது.

இக்னிஷன் போட்டேன். டிக், டிக், டிக். நிமிடம் ஒன்றானது, நிற்கவில்லை. முன் கார்பின் குழாயிலிருந்து நூல் மாதிரி இறங்கியது. ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் முன் கிண்ணத்தின் மூடியில் மெல்ல இரண்டு தட்டுத் தட்டினேன். ஒரு டிக், இன்னொரு டிக், அப்புறம் சத்தமே இல்லை. இது ஊரில் அம்பாசடர் டாக்ஸி டிரைவர்களிடம் கற்ற வித்தை. தட்டினால் நிற்கிறது என்றால் நீடிலுக்கும் சீட்டுக்கும் நடுவே எதுவோ மாட்டி விலகுகிறது. அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். தட்டி நின்றதை ரிப்பேர் என்று நினைத்து ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

இனி ஊகம் வேண்டாம் என்று ஒரு சோதனை வைத்தேன். முன் கார்பின் நீடில், சீட், மிதவை மூன்றையும் பின் கார்பில் போட்டேன், பின்னால் இருந்ததை முன்னால். கோளாறு இந்த மூன்றில் ஒன்றில் இருந்தால் அது பின் கார்புக்குக் குடிபெயர வேண்டும். இரண்டு நாள் ஓட்டி, சூட்டில் நிறுத்தி, மறுபடி ஓட்டி, இப்படியே வைத்திருந்தேன். இரண்டாம் நாள் மாலை வழிந்தது முன் கார்புதான். ஆக நீடில் குற்றவாளி இல்லை, மிதவையும் இல்லை. முன் கார்புக்கு மட்டும் எதுவோ வந்து சேர்கிறது, பின் கார்புக்கு வரவில்லை.

இந்தத் தடவை துணியைத் தொடவில்லை. முன் கிண்ணத்தில் இருந்ததை ஒரு காப்பி ஃபில்டர் தாளில் வடித்தேன், பின் கிண்ணத்தில் இருந்ததை இன்னொரு தாளில். பெட்ரோல் ஆவியானதும் இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். பின் தாள் வெள்ளை. முன் தாளில் கறுப்புச் செதில்கள், பெரியது கடுகில் கால்வாசி இருக்கும். காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனேன், அசையவில்லை. அப்படியானால் டேங்க் துரு இல்லை. ஒரு செதிலை இரு நகங்களுக்கு நடுவே வைத்து நசுக்கினேன். பொடியாகவில்லை, மை மாதிரி இழுபட்டது. ரப்பர்.

முதல் நாளே துடைத்துப் போட்ட தூள் இதுதான். அன்றைக்கு அதை ஒரு தாளில் கொட்டிப் பார்த்திருந்தால் லாரி வாடகை மிச்சம்.

இந்த வண்டியில் பெட்ரோல் வரும் வழி இப்படி: டேங்க், பம்பு, இரும்புக் குழாய், ஒரு ஃபில்டர், பின் கார்பின் மூடி, அங்கிருந்து ஒரு ஜாண் ஹோஸ், முன் கார்பின் மூடி. ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. பின் கார்பும் சுத்தம். அப்படியானால் மிச்சம் இருப்பது அந்த ஒரு ஜாண்தான். ஃபில்டரை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை. திருடனை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு வாசலில் காவல் போட்ட கதை.

எதிலும் கை வைத்த நான் அந்த ஹோஸை ஏன் சந்தேகப்படவில்லை? அழகாக இருந்தது. வெளியே பளபளக்கும் எஃகு வலை, முனைகளில் நீலமும் சிவப்புமாகக் கிளிப். பழைய சொந்தக்காரர் கண்ணுக்கு அழகாக இருக்கட்டும் என்று போட்டது. இப்போதைய சொந்தக்காரர் மற்ற ரப்பர் எல்லாவற்றையும் மாற்றியபோதும் இதைப் பார்த்து, "இது புதுசு மாதிரி இருக்கிறதே" என்று விட்டுவைத்தார். எஃகு வலைக்குள் ரப்பர் வெடித்தாலும் உப்பினாலும் வெளியே தெரியாது என்பதுதான் அந்த வகை ஹோஸின் கெட்ட குணம்.

கழற்றி, வலையைக் கத்திரித்து, பிளேடால் நெடுக்க அறுத்து விரித்தேன். உள்சுவர் சித்திரை மாதத்து ஏரிப் படுகை மாதிரி பாளம் பாளமாக வெடித்திருந்தது. விரலால் தேய்த்தால் செதில் செதிலாக உதிர்ந்தது. ஹோஸை வளைத்து நிமிர்த்தினால் வெள்ளைத் தாளில் கறுப்பு மழை. தினமும் ஓட்டும்போது எஞ்சின் ஆட்டத்திலும், சூடேறி ஆறுவதிலும் இதேதான் உள்ளே கொஞ்சம் கொஞ்சமாக நடந்திருக்கிறது. செதில் எப்போது வந்து நீடிலில் சிக்குகிறதோ அப்போது வழியும், விலகினால் நிற்கும். ஒன்பது நாள், மூன்று வாரம் என்ற கணக்குக்கெல்லாம் அதற்குமேல் ரகசியம் இல்லை. நான் மாற்றிய ஒவ்வொரு முறையும் கிண்ணத்தைக் கழுவினேன், அதனால் கொஞ்ச நாள் தாங்கியது, அதை நான் ரிப்பேர் என்று எழுதி வைத்தேன்.

இங்கே 2021 செப்டம்பர் முதல் சாதாரண பெட்ரோலே இ10, பத்து சதவீதம் வரை எத்தனால். பழைய ரப்பருக்கு எத்தனால் ஆகாது. ஆனால் பழியை முழுக்க அதன் தலையில் போட மாட்டேன். அந்த ஹோஸ் மலிவுச் சரக்கு, வயது பத்துக்கு மேல், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் சூட்டிலேயே வாழ்ந்தது. மூன்றும் சேர்ந்த வேலை.

செய்து முடித்தது

பெட்ரோல் போகும் ரப்பர் முழுவதையும் எத்தனாலைத் தாங்கும், ஆர்9 என்று மேலேயே அச்சடித்து வரும் ஹோஸாக மாற்றினேன், பம்புப் பக்கத்தில் இருந்ததையும் சேர்த்து. எஃகு வலை கிடையாது, வெறும் கறுப்பு. நீடில் முனைகளில் செதில் நசுங்கிய கோடு இருந்ததால் அவற்றையும் புதிதாகப் போட்டேன். மூடிகளின் துளைகளைக் காற்றடித்துச் சுத்தம் செய்தேன். மறுபடியும் ஆயில்.

எல்லாம் முடித்து ஸ்டார்ட் செய்தால், வண்டி முன் கார்பு வழியாகத் தும்மியது. ஐடிலில் 1, 2 சிலிண்டர்கள் சரியாக அடிக்கவில்லை. ஒரு நிமிடம் வயிற்றைக் கலக்கியது. அப்புறம் ஜெட் நட்டை எண்ணிப் பார்த்தேன். ஜெட் முழுக்க மேலே இருக்கும் நிலையிலிருந்து இரண்டு சுற்று, அதாவது நட்டின் பன்னிரண்டு முகம், கீழே இறக்கித்தான் ட்யூனிங்கைத் தொடங்குவது வழக்கம். பின் கார்பில் பதினொன்று இருந்தது. முன் கார்பில் ஏழு. முன் பக்கம் கறுப்பாகப் புகைகிறது என்று யாரோ முன்னமே ஜெட்டை ஏற்றி ஏற்றிப் பெட்ரோலைக் குறைத்திருக்கிறார்கள். வழிகிற வரைக்கும் அது ஈடுகட்டியது. வழிவது நின்றதும் பட்டினி.

முன் கார்பைப் பன்னிரண்டில் வைத்து, கார்பின் பிஸ்டனைத் தூக்கும் சின்னக் குச்சியை 1/32 அங்குல அளவுக்கு, ஒரு மில்லிமீட்டர்கூட இராது, உயர்த்திப் பார்த்தேன். எஞ்சின் சுற்று சற்றே ஏறிப் பழைய நிலைக்கு வந்தால் கலவை சரி. ஏறி ஏறியே நின்றால் பெட்ரோல் அதிகம். படுத்துவிட்டால் போதவில்லை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பதில் வரும் வரை ஒவ்வொரு முகமாகத் திருப்பியதில் முக்கால் மணி நேரம் போனது. நாலு பிளக்கையும் புதிதாகப் போட்டு, இருபது மைல் ஓட்டி, கழற்றிப் பார்த்தேன். நாலும் மல்லி நிறம்.

நாலு மாதம் ஆகிறது. ஆயிரத்து நூறு மைல் ஓடியிருக்கிறது. ஆயில் மட்டம் ஏறவில்லை, ஷெட்டில் நெடி இல்லை. போன வாரம் வேறு வேலையாக வந்தவரிடம் எப்படி ஓடுகிறது என்று கேட்டேன். என்ஜின் அறையில் அழகே போய்விட்டது என்று குறைப்பட்டார், அந்தக் கறுப்பு ஹோஸைக் காட்டி. கிளம்பும்போது சாவியைப் பாதி திருப்பி வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். பின்னால் பம்பு டிக்டிக்கென்று அடித்து, தயங்கி, நின்றது. இன்னும் கொஞ்ச நேரம் காதைத் தீட்டிக்கொண்டிருந்துவிட்டு, அப்புறம்தான் சாவியை முழுக்கத் திருப்பினார்.